எட்டுச் சேதியில் நிரம்பும் சில்லு

மடிக்கணினியை அணைத்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதும் அதற்குள் ஒரு சில்லு விழித்திருக்கிறது. எம்பெடட் கன்ட்ரோலர் என்று பெயர். இந்த வேலையில் இருப்பவர்கள் சுருக்கமாக ஈசி என்பார்கள். பவர் பட்டனை அழுத்தியதை முதலில் அறிவது அதுதான். விசிறியைச் சுழற்றுவது, பேட்டரி சார்ஜ் ஏறுவதைக் கவனிப்பது, மூடி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, பெரும்பாலான மாடல்களில் கீபோர்டின் ஒவ்வொரு தட்டலையும் வாங்கி அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. உள்ளே ஓடும் நிரலின் மூலவடிவம் பெரும்பாலும் நம் கைக்குக் கிடைக்காது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதனோடு பேச வழக்கமாக இரண்டு வாசல்தான்: பதினாறடிமான எண்ணில் 62, 66 என்ற போர்ட்டுகள். அந்த வாசலில் நின்றபடியே உள்ளே என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பவர்களின் நேர்த்தி என்னை எப்போதும் வசப்படுத்துகிறது.

பேசும் முறையே அழகு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட, மின்சக்தி நிர்வாகத்துக்கான ஏசிபிஐ விதிகளிலிருந்து வருவது அது. ஒரு பைட்டைப் படிக்க வேண்டுமென்றால், முன்பு கொடுத்ததை ஈசி எடுத்துக்கொண்டதா என்று 66-ல் உள்ள நிலைப் பிட்டைப் பார்க்க வேண்டும். எடுத்துவிட்டால் 80 என்ற கட்டளை. மறுபடி காத்திருப்பு. பிறகு 62-ல் முகவரி. பதில் தயார் என்று இன்னொரு பிட் சொன்ன பிறகுதான் 62-லிருந்து பைட்டை எடுக்கலாம். எழுதுவதற்கு 81. ஈசிக்கே ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அது குறுக்கீடு எழுப்பும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் 84 அனுப்பி ‘என்ன சேதி?’ என்று கேட்கும். சேதியின் எண் பதிலாக வரும். சேதி இல்லையென்றால் பூஜ்யம்.

எங்கள் நைனார்பாளையம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பலருடைய கைக்கு வந்தது அரசுப் பள்ளி வழியாக. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கியது. நிறையப் பேர் அந்தப் பக்கம் போகவே இல்லை. போனவர்களுக்குக் கர்னல் திறந்து கிடந்தது.

கர்னலில் ஈசி_சிஸ் என்ற மாட்யூலை ஏற்றினால், டிபக்எஃப்எஸ் வழியாக ஈசியின் 256 பைட்டும் ஒரே கோப்பாகத் தெரியும். ஹெக்ஸ்டம்ப் கொடுத்தால் பதினாறு வரிசை, வரிசைக்குப் பதினாறு எண். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இதைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“சார்ஜரப் புடுங்கட்டுமாண்ணே?”

“புடுங்கு தம்பி, வேற எதையும் தொடாத.”

பிடுங்கினான். மறுபடி படித்து, பழையதோடு ஒப்பிட்டோம். வெப்பநிலை, விசிறி வேகம், பேட்டரியின் மின்னோட்டம் இருக்கும் பைட்டுகள் சும்மா இருந்தாலும் மாறிக்கொண்டேயிருக்கும். அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு பைட்டில் ஒரே ஒரு பிட் ஒன்றிலிருந்து பூஜ்யமாகியிருந்தது. செருகினால் மறுபடி ஒன்று. பிறகு கணினியின் ஏசிபிஐ விவரங்கள் இருக்கும் டிஎஸ்டிடி அட்டவணையை ஐஏஎஸ்எல் என்ற கருவி கொண்டு பிரித்துப் படித்தோம். அதே பிட்டுக்கு அங்கே நான்கெழுத்தில் ஒரு பெயர் இருந்தது. பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மாட்யூலில் எழுதும் வசதி இயல்பாகவே அடைத்துவைக்கப்பட்டிருக்கும். தனியாகக் கேட்டால்தான் திறக்கும். தவறான ஒரு பைட் விசிறியையே நிறுத்திவிடலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பி உளியை வைக்கும் முன் மரத்தின் ரேகை ஓடும் திசையைப் பார்த்துக்கொள்கிறாரே, அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். படித்து முடிக்காமல் எழுதப் போகிறவரை இந்தக் கலையின் கைகாரராக நான் எண்ணமாட்டேன்.

நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் வேலை ஒன்று உண்டு: 2014-ல் கீரன் கிளான்சி லினக்ஸ் கர்னலுக்கு எழுதிய திருத்தம். சாம்சங் நோட்புக் வரிசைகள் சிலவற்றில் சார்ஜர் செருகியது சரியாகத் தெரியாது. மூடியை மூடினால் கணினி தூங்காது. வெளிச்சம் மங்கினால் எரிய வேண்டிய கீபோர்டு விளக்கு எரியாது. பார்த்தால் தனித்தனிக் கோளாறுகள். எதுவும் அணைத்துப் போட்டாலும் தீராது. எனக்கு இந்தக் கடைசித் தடயம்தான் மிகவும் பிடிக்கும். அணைத்தும் அழியாத ஒன்று கர்னலின் நினைவகத்தில் தங்கியிருக்க வழியில்லை. அணையாத சில்லில்தான் அது உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடந்தது இது. கணினி தூங்கும்போதும் அந்த ஈசி மூடியின் சேதி, சார்ஜரின் சேதி, பேட்டரி அளவின் சேதி என்று சேர்த்துக்கொண்டே போகிறது. இடம் நிரம்பியதும் குறுக்கீடு எழுப்புவதை நிறுத்திவிடுகிறது. குறுக்கீடு வராததால் கர்னல் 84 கேட்பதில்லை. கேட்காததால் இடம் காலியாவதில்லை. இரண்டு பக்கமும் விதிப்படியே நடக்கிறது, பேச்சு மட்டும் நின்றுபோகிறது. சோதனையில் தெரிந்த கொள்ளளவு எட்டு. சில்லைத் திறக்காமல், அனுமதிக்கப்பட்ட ‘என்ன சேதி?’ என்ற கேள்வியையே கேட்டு, வந்த பதில்களை எண்ணினாலே கிடைத்துவிடும் எண் அது. இந்த எட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தால் அதன் கனம் இன்னும் தெரியும். கோடைமழைக்கு முன்னால் காற்றெழும்பினால் கரண்ட் போய்ப் போய் வரும். சார்ஜரில் போட்டு மூடிவைத்த நோட்புக்குக்குப் போவதும் ஒரு சேதி, வருவதும் ஒரு சேதி. நான்கு முறை போய் வந்தால் எட்டு ஆயிற்று.

திருத்தம் சிறியது. கணினி துவங்கும்போதும் தூங்கி எழும்போதும் குறுக்கீட்டுக்குக் காத்திராமல் 84 கேட்க வேண்டும். பூஜ்யம் வரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். பூஜ்யமே சொல்லாத சில்லில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று நூறு என்று ஓர் எல்லை.

பின்னால் கர்னலில் உள்ள ஈசி நிரல் திருத்தி எழுதப்பட்டபோது, புதிய முறையே இதைப் பார்த்துக்கொள்ளும் என்று கருதி அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். அதே சாம்சங் நோட்புக்குகளில் அதே கோளாறு திரும்பி வந்தது. 2019-ல் பழைய வரிகள் மறுபடி கர்னலுக்குள் சேர்க்கப்பட்டன.