ஆளி விதையும் அரை ஸ்பூன் உப்பும்

மறைமலை நகர் மளிகைக் கடைகளில் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் பக்கத்திலேயே இப்போது ஆளி, சியா, பூசணி, சூரியகாந்தி விதைப் பாக்கெட்டுகளும் இடம்பிடித்துவிட்டன. வாங்குகிறவர்கள் பலரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “பிரஷருக்கு நல்லதாம்.” இதை வெறும் வாட்ஸ்அப் வைத்தியம் என்று ஒதுக்க மாட்டேன். விதையில் விஷயம் இருக்கிறது. ஆனால் நாம் அதைச் சாப்பிடுகிற விதத்தில், கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பகுதியை நாமே தொலைத்துவிடுகிறோம்.

ஆளி விதைக்கு இவ்வளவு பெயர் வாங்கித் தந்தது கனடாவின் வினிபெக் நகரில் நடந்த ஆய்வு. 2013-ல் வெளியானது. கால் இரத்தக் குழாய்களில் அடைப்பு உள்ள 110 பேரில் ஒரு பிரிவினருக்கு தினமும் 30 கிராம் ஆளி விதைப் பொடியை ரொட்டி, கேக் வகைகளில் கலந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களுடைய மேல் அழுத்தம், விதை சாப்பிடாத பிரிவினரைவிட ஏறக்குறைய பத்துப் புள்ளி குறைவாக இருந்தது. பத்து என்பது ஒரு மாத்திரை தரும் பலனுக்குச் சமம். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரிக் குறைவு இரண்டு, மூன்று புள்ளிதான் என்று தெரிந்தது. அதுவும் நல்லதுதான்.

நம் வீட்டில் நடப்பது வேறு. 30 கிராம் என்றால் மூன்று பெரிய கரண்டிப் பொடி. நாம் தயிரில் தூவுவது ஒரு டீஸ்பூன், அதுவும் முழு விதை. ஆளி விதையின் மேல்தோல் கெட்டியானது, வழவழப்பானது. பல்லில் சிக்காமல் இறங்கி அப்படியே வெளியேறிவிடும். அரைக்காமல் விழுங்கும் விதைக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

நம் ஊர் எள்ளுக்கும் ஆய்வு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 50 இரத்த அழுத்த நோயாளிகளை 45 நாள் நல்லெண்ணெயில் மட்டும் சமைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அழுத்தம் இறங்கியது. பாமாயில், கடலை எண்ணெய் என்று மாறியதும் மறுபடி ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிப் பிரிவு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயை மருந்தாக்கிவிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எண்ணெயைக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. இருந்த எண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தார்கள். மாத்திரையையும் நிறுத்தவில்லை.

நாம் எதையும் எடுப்பதில்லை, சேர்க்கிறோம். ஆளி விதைப் பொடி அரைப்பதையே பாருங்கள். வெறும் வாணலியில் விதையைப் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, வறமிளகாய், உளுந்து, கறிவேப்பிலை, நாலு பல் பூண்டு சேர்த்து மிக்ஸியில் போட்ட பிறகு, கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும். இட்லிப் பொடிக்குப் போட்டுப் பழகிய அதே அளவு உப்பு. இந்தப் பொடியை இட்லிக்கும் தோசைக்கும் இரண்டு ஸ்பூனாகத் தொட்டுக்கொண்டால் பிரஷருக்கான மருந்தோடு பிரஷருக்கான காரணமும் சேர்ந்தே உள்ளே போகிறது. வறுத்து உப்பிட்ட பூசணி விதைப் பாக்கெட்டும் அப்படித்தான். நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர் சராசரியாகச் சாப்பிடுவது 8 கிராம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இவற்றில் கை வைக்காமல் விதையை மட்டும் கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை.

உணவால் பிரஷரைக் குறைக்கலாம் என்ற கருத்துக்கு உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் 459 பேரை வைத்து நடந்த ‘டேஷ்’ ஆய்வில் காய், பழம், பருப்பு, கொட்டைகள், கொழுப்பு குறைந்த பால் என்று மொத்தச் சாப்பாட்டையும் மாற்றினார்கள். உப்பைக் குறைக்காமலேயே, உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு எட்டு வாரத்தில் மேல் அளவு பதினொரு புள்ளி இறங்கியது. 2001-ல் உப்பையும் குறைத்தபோது இன்னும் இறங்கியது. அந்தத் தட்டுக்கு மெக்சிகோவில் பிறந்த சியாவே வேண்டும் என்பதில்லை. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பச்சைப்பயறு, கொள்ளு, உப்பில்லாமல் வேகவைத்த வேர்க்கடலை, கம்பு எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன.

சிக்கல், சமையல் யார் கையில் இருக்கிறது என்பதில். ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்திய பிறகும் மறைமலை நகர் தொழிற்பேட்டை ஊர்தான். ஷிப்டு பார்க்கிறவருக்கு கேன்டீன் சாம்பார், டீக்கடை பஜ்ஜி, ராத்திரி ஜி.எஸ்.டி. சாலையோரம் பரோட்டா சால்னா. உப்பின் அளவை அவர் தீர்மானிப்பதில்லை. அவரிடம் ‘விதை சாப்பிடுங்கள்’ என்று சொல்வதைவிட, கேன்டீன் ஒப்பந்தத்தில் உப்புக்கு வரம்பு வையுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்பது நியாயம். தொழிற்சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

விதை சாப்பிடும் இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய ஆபத்து, விதையை நம்பி மாத்திரையை நிறுத்துவது. 2020-ல் தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது இப்படிப்பட்ட நிலையில்தான். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்பதற்காகப் பிரஷர் இல்லை என்று ஆகிவிடாது. மாத்திரையை விட்டவருக்குப் பல நேரம் முதல் அறிகுறியே பக்கவாதம்தான்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விதை, கீரை, பயறு எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. சோடியம் குறைந்த உப்பில் அது இன்னும் அதிகம். டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது.

ஆளி விதையை அரைத்து, உப்பில்லாமல், தினமும், மாதக்கணக்கில் சாப்பிடுங்கள். நார்ச்சத்து மருந்தை உறிஞ்சவிடாமல் தாமதப்படுத்தலாம் என்பதால் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைப்பதா, வேண்டாமா என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்யட்டும்.