தபால்காரர் வேலை பார்க்கும் மாணவி

ஏழையாக இருப்பது சுலபம். ஏழை என்று நிரூபிப்பதுதான் கஷ்டம்!

ஆவுடையார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து, அறந்தாங்கியில் பஸ் மாறி, புதுக்கோட்டைக்குப் படிக்க வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா விவசாயக் கூலி. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு மனுப் போடுகிறாள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டும்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அப்புறம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை தாசில்தார் என்று மனு படியேறும். நடுவில் சர்வர் படுத்துக்கொண்டால் 'நாளைக்கு வாம்மா!' அப்பாவின் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. இது எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு.

வேடிக்கை என்ன தெரியுமா? சான்றிதழைத் தருவது அரசின் வருவாய்த் துறை. கேட்பது அதே அரசின் நலத் துறை. நடுவில் சம்பளமில்லாத தபால்காரர், நம்ம பொண்ணு!

சரி, மனு தேறிவிட்டது. பணம்? 2020 டிசம்பரில் மத்திய அரசு இந்தத் திட்டத்தை மாற்றியமைத்தது. செலவில் மத்திய அரசுக்கு 60 சதவிகிதம், மாநிலத்துக்கு 40. மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகே மத்தியப் பங்கு வரும். அதுவும் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைந்ததோ, அதற்குத்தான் போகும். அவளோ பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வேறு வங்கி வாசலில் நிற்பாள்.

'சும்மா விட்டால் போலிகள் புகுந்துவிடுமே சார்' என்பீர்கள். நியாயமான பயம்தான். ஹிமாச்சலப் பிரதேசத்தில் ரூ.250 கோடிக்கு மேல் உதவித்தொகை மோசடி என்று 2019-ல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. விசாரணை வளையத்துக்குள் வந்தவை தனியார் கல்வி நிறுவனங்கள். கூலிக்காரர் மகளை நாலு தடவை அலையவிட்டதால் அந்த ஓட்டை அடைபடவில்லையே!

மாற்று வழி நம் ஊரிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தது. வருமான வரம்பு வைக்கவில்லை. எந்தப் பள்ளி என்பதற்குப் பள்ளிக்கல்வித் துறையிடமே பதிவு இருந்தது. கல்லூரி வழியாகவே விண்ணப்பமும் போனது. ஒரு துறை இன்னொரு துறையிடம் நேரே கேட்டால் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அந்தத் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயர். தேவதாசி ஒழிப்பில் அவரோடு நின்ற முத்துலட்சுமி ரெட்டி, 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுமதி தந்தார். 1912-ல் அவர் டாக்டர்!

இன்று மன்னர் இல்லை, கம்ப்யூட்டர் இருக்கிறது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் அரசின் கையிலேயே இருக்கின்றன. பிளஸ் டூ முடிக்கும் மே மாதமே, 'உனக்கு இந்த உதவித்தொகை உண்டு, சம்மதமா?' என்று அவளிடம் அரசு கேட்கட்டும். அவள் தலையாட்டினால் போதும். தகவல் தவறென்றால் மட்டும் அவள் அலுவலகம் வரட்டும்.

விண்ணப்பம் போடவேண்டியது அரசு. கையெழுத்துப் போடவேண்டியது அவள்.