நீந்துவோர் குகையும் ஒரு புதினமும்

ஒரு நிலத்தைக் கதைக்குக் களமாகக் கொள்ளும் ஆசிரியர் அந்நிலத்திடம் கடன் பெறுகிறார். பெற்ற கடனைக் கொண்டு அவர் என்ன செய்தார், எதைத் திருப்பிக் கொடுத்தார் என்று கணக்குப் பார்ப்பது திறனாய்வின் பணிகளுள் ஒன்று. மைக்கேல் ஒண்டாச்சி 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' என்னும் ஆங்கிலப் புதினம் இவ்வாறு கணக்குப் பார்ப்பதற்கு ஏற்ற நூல். 'ஆங்கிலேய நோயாளி' என்பது அத்தலைப்பின் பொருள். ஒண்டாச்சி 1943 இல் கொழும்பில், டச்சு, தமிழ், சிங்களக் கலப்புடைய பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். 1962 முதல் கனடாவில் வாழ்பவர். இந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே புக்கர் பரிசை வேறொரு நூலுடன் பகிர்ந்து கொண்டது. அப்பரிசின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, பரிசு பெற்ற நூல்களுள் சிறந்ததாக 2018 இல் வாசகர்கள் தேர்ந்தெடுத்ததும் இதுவே. இத்துணைப் புகழ் பெற்ற நூலின் நடுவில் இருப்பது பாலைவனத்திலுள்ள ஒரு சிறு குகை.

குகையின் இயல்பு

எகிப்து நாட்டின் தென்மேற்கு மூலையில், லிபிய எல்லையை ஒட்டி, கில்ப் கெபீர் என்னும் மணற்கல் மேட்டுநிலம் இருக்கிறது. 'பெருந்தடுப்பு' என்னும் பொருளுடைய இப்பெயரை 1926 இல் அதற்கு இட்டவர் எகிப்திய இளவரசர் கமால் அல்-தீன். சுற்றியுள்ள மணல்வெளியிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு அம்மேடு செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அருகில் ஊரில்லை, கிணறு இல்லை, சாலையும் இல்லை. செல்வோர் குடிநீரையும் எரிபொருளையும் உடன் கொண்டு, மணலில் ஓடக்கூடிய வண்டிகளில் பல நாட்கள் பயணம் செய்து, இறுதியில் மணலில் கால் புதைய நடந்தே பாறை அடியை அடைய வேண்டும். அங்கே நின்று திரும்பிப் பார்ப்பவர் கண்ணுக்கு, காற்று வரி வரியாக வகுத்த மணலும், அதனிடையே தீவுகளைப் போல நிற்கும் கரும்பாறைகளும் அடிவானம் வரை தெரியும். அழகும் அச்சமும் பிரியாத காட்சி அது.

அப்பாறை அடியில் உள்ள இடத்திற்கு வாதி சூரா, அதாவது 'ஓவியப் பள்ளத்தாக்கு' என்று பெயர். ஹங்கேரி நாட்டவரான லாஸ்லோ அல்மாஷி 1933 அக்டோபரில் அங்கே ஒரு குகையைக் கண்டார். அதன் சுவரில் கையும் காலும் நீட்டி, படுத்த நிலையில் மிதக்கும் சிறு மனித உருவங்கள் தீட்டப்பட்டிருந்தன. அவற்றை நீந்துவோர் என்று கொண்டதால் குகைக்கு 'நீந்துவோர் குகை' என்னும் பெயர் வந்தது. நீர்த்துளி காணாத நிலத்தில் நீந்துவோரின் ஓவியம்! முற்காலத்தில் அங்கே நீர்நிலை இருந்திருக்க வேண்டும் என்று அல்மாஷி எழுதினார். சகாரா ஒரு காலத்தில் மழை பெற்ற புல்வெளியாக இருந்தது என்பதையும், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பு அது முற்றும் வறண்டது என்பதையும் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதி செய்துள்ளன.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுவதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு ஆண்டுதோறும் விளக்குகின்றனர். பாலை என்பது தனி நிலம் அன்று, இழப்பால் நேர்ந்த நிலை என்னும் அக்கருத்துக்கு வாதி சூராவைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. மேய்ச்சல் நிலம் தன் இயல்பு திரிந்து மணலானதை அங்கே பாறைச்சுவரே காட்டுகிறது.

புதினம் கூறும் கதை

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், இத்தாலியில் சிதைந்து கிடக்கும் ஒரு மாளிகையில், உடல் முழுதும் தீயில் வெந்த ஒருவன் படுத்திருக்கிறான். ஹானா என்னும் இளம் செவிலி அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆங்கிலேயன் என்று கருதுகின்றனர். அவன் சிறுகச் சிறுகச் சொல்லும் நினைவுகளிலிருந்து, அவன்தான் அல்மாஷி என்பது வெளிப்படுகிறது. உடன் ஆராய்ச்சிக்கு வந்த ஜெஃப்ரி கிளிஃப்டனின் மனைவி காதரினை அவன் காதலித்தான். உண்மை அறிந்த கணவன், மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்து, காதலன் மீது விமானத்தை மோத முயன்று, தானே மாண்டான். படுகாயமுற்ற காதரினை அல்மாஷி நீந்துவோர் குகையில் கிடத்தி, உதவி தேடி எல்-தாஜ் என்னும் ஊருக்கு நடந்தான். அங்கிருந்த ஆங்கிலப் படையினர் அவன் சொல்லை நம்பாமல் அவனைச் சிறைப்படுத்தினர். மூன்று ஆண்டுகள் கழித்தே அவன் குகைக்குத் திரும்ப முடிந்தது. அவளோ என்றோ இறந்துவிட்டாள்.

இந்நடைப்பயணமும் குகைக் காட்சியுமே நூலின் உயிர்நிலை. உண்மை நிலப்படத்தில் வாதி சூராவுக்கும் எல்-தாஜுக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீரற்ற வெளி. இதனை எழுதும் இடத்தில் ஒண்டாச்சி வருணனையைப் பெருக்கவில்லை. வெயில் கொடியது, மணல் சுட்டது என்று அடைமொழிகளை அடுக்கும் எழுத்தாளர் பலர். இவரோ காற்றுகளின் பெயர்களைச் சொல்கிறார். கிணறுகளின் பெயர்களைச் சொல்கிறார். கிரேக்க ஆசிரியர் ஹிரொடோட்டஸின் வரலாற்று நூலை நோயாளியின் கையில் கொடுத்து, அதன் பக்கங்களுக்கு இடையே அவன் குறிப்புகளைச் செருகி வைக்கிறார். பாலையை அறிந்தவன் பாலையைப் பற்றிப் பேசும் முறை இதுவே. நாட்டுப் பெயரும் குடிப்பெயரும் மணலில் பொருளற்றுப் போகின்றன என்னும் நோயாளியின் எண்ணமும் அந்த நிலத்திலிருந்தே பிறக்கிறது. வெளியிலிருந்து ஒட்டப்பட்டதாகத் தோன்றவில்லை. பிரிவைப் பாலையில் வைத்துப் பாடுவதன் பொருத்தத்தை, அம்மரபை எடுத்துக்காட்டாமலேயே இவ்வாசிரியர் உணர்ந்திருக்கிறார் எனலாம்.

பொறுக்கத்தக்க மாற்றம்

நூலில் உள்ள குகை இருண்டது. ஒரு பெண் விளக்கின்றித் தனியே கிடக்கக்கூடிய உட்புறம் உடையது. 1996 இல் வந்த திரைப்படம் அவ்விருளை இன்னும் மிகுத்துக் காட்டியது. ஒன்பது ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற அப்படத்தின் பாலைக்காட்சிகள் எடுக்கப்பட்டது துனிசியாவில். உண்மையான குகையோ ஆழமில்லாத பாறை ஒதுக்கு. வாய் அகன்று திறந்திருப்பதால் பகல் ஒளி சுவர் முழுதும் படும். அதில் மறைந்து கிடக்கவும் இயலாது.

இதனைக் குற்றமென்று கூறுவோர் உளர். அது பொருந்தாது. இடத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் புனைவோர்க்கு உரிமை உண்டு. காவியங்களில் வரும் ஊர்களையும் ஆறுகளையும் எவரும் நில அளவைச் சங்கிலி கொண்டு அளப்பதில்லை. குகை ஆழமாக இருந்ததால் எந்த மனிதனுக்கும் தீங்கு நேரவில்லை.

பெயரின் பொறுப்பு

குகையைக் கண்டவனின் பெயரை எடுத்துக்கொண்ட செய்தி அத்தன்மையது அன்று. அல்மாஷி கற்பனை மாந்தர் அல்லர். 1895 இல் பிறந்து 1951 இல் சால்ஸ்பர்க் நகரில் இறந்த உண்மையான மனிதர். 1942 மே மாதத்தில், ஜெர்மன் படையின் ஒற்றர் இருவரை லிபியாவிலிருந்து பாலைவனத்தின் வழியே எகிப்தின் அஸ்யூத் நகர் அருகில் கொண்டு சேர்த்தவர் அவர். ரோம்மெலின் படையில் தாம் பணிசெய்ததைப் பற்றி 1943 இல் ஒரு நூலும் எழுதினார். போருக்குப் பின் ஹங்கேரி மக்கள் நீதிமன்றம் அவரை விசாரித்து விடுதலை செய்தது. அவரோடு 1932 இல் பயணம் செய்த சர் ராபர்ட் கிளேட்டன் அவ்வாண்டிலேயே நோயால் இறந்தார். அவர் மனைவி 1933 இல் இங்கிலாந்தில் விமான விபத்தில் இறந்தார். குகையில் ஒரு பெண்ணும் காத்திருக்கவில்லை. அவளுக்காக எவரும் நடக்கவுமில்லை.

ஒண்டாச்சி ஒற்றர் செய்தியை மறைக்கவில்லை. நோயாளி ஜெர்மானியருக்கு வழிகாட்டினான் என்பது நூலிலேயே வருகிறது. ஆனால் அதற்குக் காதலும், ஆங்கிலப் படையினர் கைவிட்ட கொடுமையும் பின்னணியாக அமைகின்றன. படிப்பவர் நெஞ்சம் இளகுகிறது. திரைப்படம் மேலும் ஒரு படி சென்று, காதலியிடம் திரும்புவதற்காகவே அவன் நிலப்படங்களை ஜெர்மானியரிடம் கொடுத்ததாகக் காட்டுகிறது. உண்மை அல்மாஷிக்கு அத்தகைய காரணம் எதுவும் இருந்ததில்லை. செய்த செயலுக்கு இல்லாத காரணம் ஒன்று அவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

வரலாற்று மாந்தரைத் தழுவியிருப்பினும் இது புனைகதையே என்று ஆசிரியர் நூலின் நன்றியுரையில் கூறியிருக்கிறார். சட்டத்துக்கு அக்கூற்று போதும், இலக்கியத்துக்குப் போதுமா?

இவ்விடத்தில் தமிழ் மரபு துணை செய்கிறது. அன்பின் ஐந்திணையில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சொல்லப்பட்டால் பாட்டு அகத்திலிருந்து புறத்துக்குப் போய்விடும். நெடுநல்வாடை முழுதும் பிரிவின் துயரைப் பேசினும், அதில் பாண்டியர்க்குரிய வேம்பு குறிக்கப்பட்டிருப்பதால் அது புறப்பாட்டே என்று நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரு பூவின் அடையாளமே அத்துணை எடை உடையதாயிற்று. இவ்விதியை வெறும் இலக்கணக் கட்டுப்பாடு என்று எண்ணுவோர் அதன் அறத்தைக் காணாதவர். காதல் எல்லார்க்கும் பொது. அதனை ஒருவர் பெயரில் ஏற்றினால், அவர் வாழ்ந்த வாழ்வும் செய்த செயலும் உடன் வந்து நிற்கும். காதலுக்காக இரங்கும் கற்போர், தம்மை அறியாமல் அச்செயலையும் மன்னித்து விடுவர்.

நூலாசிரியரும் பெயரின் ஆற்றலை அறியாதவர் அல்லர். எல்-தாஜில் அல்மாஷி தன் பெயரைச் சொல்லி, காதரினைத் தன் மனைவி என்கிறான். அயல்நாட்டுப் பெயர் ஐயத்தை உண்டாக்குகிறது. கிளிஃப்டன் பெயரைச் சொல்லியிருந்தால் உதவி கிடைத்திருக்கும் என்று பின்னர் அவனிடம் கரவாஜியோ என்பவன் எடுத்துக்காட்டுகிறான். ஒரு பெயர் ஒருத்தியின் உயிரைப் போக்கிற்று என்பதே கதையின் திருப்பம். பெயருக்கு இத்துணை எடை தந்த நூல், தன் தலைவனுக்கு உண்மைப் பெயரை இட்டபோது மட்டும் அவ்வெடையை மறந்தது வியப்புக்குரியது. 'அல்மாஷி' என்பதை நீக்கி வேறொரு பெயரை இட்டிருந்தால் நூலின் அழகில் ஓரிழையும் குறைந்திராது.

சுவரின் செந்நிறம்

குகையில் நிகழும் ஒரு காட்சி இவ்வாராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. காதலன் சுவர் ஓவியத்திலிருந்து செங்காவி நிறத்தை எடுத்துக் காதலியின் முகத்தில் பூசுகிறான். தொன்மையும் காதலும் ஒன்றாகும் இடமாக ஆசிரியர் இதனை அமைத்திருக்கிறார். படிக்கும்போது உள்ளம் உருகுவது உண்மை. ஆனால் சுவரில் இருந்தது ஒன்று குறைந்துவிட்டது என்பதும் உண்மை. புதினம் அந்நிலத்தோடு கொண்ட உறவு முழுவதற்கும் இக்காட்சியே நல்ல சான்று: ஓர் உண்மை இடத்தின் வண்ணத்தை எடுத்துத் தன் தலைவிக்கு அது பூசியிருக்கிறது.

நூலும் படமும் பெற்ற புகழால் வாதி சூராவுக்குப் பயணிகள் பெருகினர். நிறம் தெளிவாகத் தெரிவதற்காக ஓவியத்தின் மேல் நீரை வீசிப் படம் எடுத்தோர் உண்டு. அதனால் மெல்லிய வண்ணப் பூச்சு உரிந்தது. 2008 செப்டம்பரில் கில்ப் கெபீர் பகுதியில் வெளிநாட்டுப் பயணிகளும் எகிப்திய வழிகாட்டிகளுமாகப் பத்தொன்பது பேர் கடத்தப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்றனர். இவற்றுக்கெல்லாம் ஒரு புதினத்தைக் குற்றவாளியாக்குவது நீதியன்று. எனினும் அங்கே சென்றவர்களுள் பலர் ஓவியம் தீட்டிய மக்களைத் தேடிச் செல்லவில்லை. இல்லாத ஒருத்தி கிடந்த இடத்தைத் தேடிச் சென்றனர்.

தீட்டியவர்களைப் பற்றி அறிய வேண்டியவை நிறைய உள்ளன. 2002 இல் அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் மற்றொரு பெரிய ஓவியக் குகை கண்டறியப்பட்டது. அங்கும் நீந்துவோர் உருவங்கள் உள்ளன; அவற்றின் அருகே தலையில்லாத விலங்குகளும் நிற்கின்றன. இவ்வுருவங்கள் நீரில் விளையாடுவோர் அல்லர், மறுமை நீரில் மிதக்கும் இறந்தோர் என்று பிரெஞ்சு அறிஞர் லே கெலெக் கருதுகிறார். இக்கருத்து உறுதியானால், இறந்தவளை அக்குகையில் கிடத்திய புதினம், தான் அறியாமலேயே அவ்வோவியத்தின் பொருளை நெருங்கியது என்று சொல்ல இடமுண்டு. அது நூலுக்குப் பெருமையே.

முடிவு

'தி இங்கிலீஷ் பேஷண்ட்' அகமாகப் படிக்கத் தக்க உயர்ந்த நூல். பிரிவையும் பாலையையும் இத்துணை நெருக்கமாகப் பிணைத்த புதினங்கள் சிலவே. ஆனால் அதனைப் புறமாக, வரலாறாகப் படிக்கக் கூடாது. அகத்துக்குப் புறப்பெயர் இட்டதே இதன் குறை. இந்நூலை மாணவர்க்கு அறிமுகம் செய்யும் ஆசிரியர் புதினத்தோடு ஒரு நிலப்படத்தையும் அல்மாஷியின் உண்மை வரலாற்றையும் உடன் வைத்துக் காட்டுவது நல்லது. அப்போது மாணவர் கதையின் அழகையும் இழக்கமாட்டார். அந்நிலத்தில் வாழ்ந்து, நீர் வற்றியபோது வெளியேறிய மக்களையும் மறக்கமாட்டார். அவர்கள் தீட்டிய நீந்துவோர்க்கும் பெயர் இல்லை. ஆயினும் பல்லாயிரம் ஆண்டுகளாக அவ்வுருவங்கள் காண்போர் நெஞ்சைத் தொட்டே வருகின்றன.