கேமிராவுக்குப் பின்னால்

இடிபாடு போட்டோவுக்கு நன்றாகவே வரும். கூரை போன சுவரில் வெயில் விழ வேண்டிய இடத்தில் விழும். ஆள் அரவமற்றிருப்பதே ஒரு அழகாகிவிடும். யார் எடுத்தாலும் ஓரளவு தேறும். இந்த ஜாதிப் படங்கள் மேல் எனக்குள்ள சந்தேகமும் இதனால்தான். அங்கே ஏன் ஆளில்லை என்ற கேள்வியை அந்த அழகு கேட்கவிடுவதில்லை. காலத்தின் கை என்று நாமும் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மனிதனின் கை அதில் மறைந்துவிடுகிறது.

அனியை எடுத்துக்கொள்வோம். 961இல் ஆர்மீனிய பக்ராதுனி அரசர்களின் தலைநகரான ஊர். இன்று துருக்கியின் கிழக்கு விளிம்பில், புல்வெளி நடுவே, கோட்டைச் சுவரும் சில ஆலயங்களும் நிற்கின்றன. கீழே ஓடும் அகூரியன் ஆறுதான் எல்லை, அக்கரை ஆர்மீனியா. பழைய கல்பாலத்தின் வளைவு விழுந்துவிட்டது. இரு கரையிலும் அடிக்கட்டைகள்தான் மிச்சம். படையெடுப்பும் பூகம்பமும் நகரைக் காலி செய்தது பழைய கதை. சுற்றுவட்டாரத்து ஆர்மீனியர்கள் இல்லாமற்போனது 1915இல் தொடங்கி 1920 வரை நடந்தவற்றின் கதை. போட்டோவில் இரண்டும் ஒரே பழமையாகிவிடுகின்றன. நேட்டோவும் சோவியத் யூனியனும் முகத்துக்கு முகம் நின்ற எல்லை இது என்பதால் நீண்ட காலம் அனியில் படமெடுக்கத் தடை இருந்தது. காவல்காரன் கேமிராவைக் கண்டு பயந்தான். 2016இல் அனி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. டூரிஸ்டுகள் வேண்டுமட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தடை நீங்கியதில் சந்தோஷம்தான். ஆனால் யாரும் பயப்படாத கேமிரா என்ன காரியம் செய்கிறது?

இந்தக் கேள்வியை சினிமாவில் நேராகச் சந்தித்தவர் ஆட்டம் எகோயான். கெய்ரோவில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஆர்மீனியர். அவருடைய ‘காலண்டர்’ 1993இல் வந்தது. கராபாக் போரை ஒட்டித் துருக்கி ஆர்மீனிய எல்லையை மூடியதும் அந்த ஆண்டில்தான். காலண்டர் ஒன்றுக்காகப் பன்னிரண்டு ஆலயங்களைப் படமெடுக்க ஒரு போட்டோகிராபர் ஆர்மீனியாவுக்குப் போகிறான், எகோயானே நடிக்கிறார். மூதாதையர் மொழி அவனுக்குத் தெரியாது. கூட வரும் மனைவிதான் (அர்சினே கான்ஜியான்) மொழிபெயர்க்கிறாள். ஊர்க்காரன் ஒருவன் கார் ஓட்டுகிறான், ஆலயங்களின் கதை சொல்கிறான்.

கேமிரா அசைவதில்லை. ஆலயம் சட்டத்துக்குள் லட்சணமாக உட்கார்ந்திருக்கிறது. மனைவியும் வழிகாட்டியும் அதன் முன்னால் நின்று பேசுகிறார்கள். போட்டோகிராபரின் குரல் மட்டும், எரிச்சலோடு, நமக்குக் கேட்கிறது. அவர்கள் இருவரும் ஆலயத்தை நோக்கி நடந்து சிறுத்துப்போகிறார்கள். அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். கிட்டே போய்ச் சுற்றிப் பார்க்க வேண்டாமா, தொட்டுப் பார்க்க வேண்டாமா என்று வழிகாட்டி கேட்கிறான். போட்டோகிராபருக்கு அந்தக் கேள்வியே விளங்குவதில்லை. வெளிச்சம் சரியாகக் கிடைத்தாயிற்று, அப்புறம் என்ன?

மனைவி அந்த நாட்டிலேயே, வழிகாட்டியோடு, தங்கிவிடுகிறாள். டொராண்டோவில் அவன் வீட்டுச் சுவரில் காலண்டரின் மாதங்கள் புரள்கின்றன. பெண்கள் ஒவ்வொருவராக விருந்துக்கு வருகிறார்கள். சாப்பாடு முடிகிற சமயம் எழுந்துபோய், அவனுக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில், யாரிடமோ போனில் காதலாகப் பேசுகிறார்கள். கூலிக்கு அமர்த்திய நாடகம். புரியாத மொழிக்கு வெளியே தான் நின்ற அந்தக் காட்சியைத் தனக்கே திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்கிறான்.

படத்தின் உயிர் ஒரு ஆட்டு மந்தையில் இருக்கிறது. காரிலிருந்து அவன் மந்தையை வீடியோவில் எடுத்துக்கொண்டே போகிறான். ஆடுகள் தீர்வதேயில்லை. சும்மா ஒரு அழகு என்றுதான் நாமும் பார்க்கிறோம். வெகு நேரம் கழித்து டெலிபோனில் மனைவியின் குரல் சொல்கிறது: அவன் கேமிராவை இறுகப் பிடித்திருந்த அந்த நேரத்தில், அவன் முதுகுக்குப் பின்னால், அவள் வழிகாட்டியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். ஒரு வாழ்க்கை உடைந்த தருணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைக்கிறது. முன்னால் ஆடு, பின்னால் சம்பவம். பயணிக் கேமிராவைப் பற்றி இதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் சினிமாவில் பார்த்ததில்லை.

2002இல் வந்த ‘அராரத்’தில் இந்தத் தெளிவு இல்லை. மறுக்கப்படும் இனப்படுகொலையை நிரூபித்தாக வேண்டிய நிர்பந்தம் படத்தின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாத்திரங்கள் தகவல் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். ஆனால் ஒரு இடம் தப்பி நிற்கிறது. ஓவியர் அர்ஷில் கார்க்கி சிறுவனாகத் தன் தாயோடு இருக்கும் போட்டோ 1912இல் வான் நகரில் எடுக்கப்பட்டது. தாய் 1919இல் பட்டினியால் இறந்தாள். அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காக அவர் வரைந்த ஓவியத்தில் தாயின் கைகள் முடிக்கப்படாமல் வெளிறிக் கிடக்கின்றன. எகோயான் இந்தக் கைகளிடம் திரும்பத் திரும்ப வருகிறார். முகத்தைப் போட்டோ காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. தாயின் ஸ்பரிசத்தை அதனால் கொடுக்க முடியவில்லை. அதை ஓவியன் வெறுமையாக விட்டான்.

இந்த இடத்தில் எனக்கு நானே ஒரு ஆட்சேபம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிட்டே போ, தொட்டுப் பார் என்பதெல்லாம் போக முடிந்தவனுக்குச் சொல்லும் புத்திமதி. அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியில், ஆராஸ் ஆற்றங்கரையில், ஜுல்ஃபாவின் ஆர்மீனிய இடுகாடு இருந்தது. சிலுவையும் சித்திரவேலையும் செதுக்கிய, கச்கார் என்னும் நினைவுக் கற்கள் ஆயிரக்கணக்கில் அங்கே நின்றன. 2005 டிசம்பரில் படைவீரர்கள் அவற்றை உடைத்ததை ஆற்றுக்கு அக்கரையில், ஈரானில், நின்றவர்கள் படம் பிடித்தார்கள். தூரத்திலிருந்து எடுத்தது, அழகென்று சொல்ல எதுவுமில்லை. அப்படியொன்றும் நடக்கவில்லை என்றது அஜர்பைஜான் அரசு. 2010இல் வெளியான செயற்கைக்கோள் படங்களின் ஆய்வு இடுகாடு தரைமட்டமானதை உறுதி செய்தது. அந்தக் கற்கள் எப்படி இருந்தன என்று அறிய, சோவியத் காலத்தில் ஒரு சிலர் பொறுமையாக எடுத்து வைத்த போட்டோக்கள்தான் இன்று கதி. இங்கே தொடுவதற்குக் கல்லே இல்லை.

ஆகவே தூரத்தை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. ‘காலண்டர்’ போட்டோகிராபர் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட தூரம் வேறு. ஆறும் துப்பாக்கியும் விதித்த தூரம் வேறு. ஆராஸ் கரையில் நின்றவனின் படத்தில், அவனால் ஏன் கிட்டே போக முடியவில்லை என்பதும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. அவன் நின்ற இடம்தான் அவன் சாட்சியம். மற்றவன் படத்தில் ஆலயம் துல்லியமாக விழுந்திருக்கிறது. நின்ற இடம் துடைத்துவிடப்பட்டிருக்கிறது. ஒரு எல்லைப் பிரதேசத்திலிருந்து வரும் எந்தப் படத்திடமும், வெளிச்சத்தையும் கோணத்தையும் பாராட்டும் முன்பு, கேட்க வேண்டியது இதுதான்: எடுத்தவன் போக முடியாமல் நின்றானா, போகாமல் நின்றானா?

நம் வீட்டுச் சுவர்களிலும் காலண்டர்கள் தொங்குகின்றன. ஹம்பியின் கல் ரதம், பின்னால் வானம், ஆளில்லை. 1565 அதில் எங்கும் இல்லை. எத்தனையோ வருஷமாகப் பார்த்த படம்தான். இப்போது உறுத்துகிறது.