பயண எழுத்தும் பிழைப்பும்

பயணக் கட்டுரை எழுதுவதையே தொழிலாகக் கொள்ள இயலுமா என்னும் வினாவை நம் மாணவர் சிலர் இந்நாளில் எழுப்புகின்றனர். ஜெலாப்பாங்கிலோ ஈப்போவிலோ பிறந்து, தமிழில் எழுத விரும்பும் இளைஞன் ஒருவன் இவ்வாறு கேட்பானாயின், ஆசிரியர் என்ன விடை கூறுவது? 'முயல்க' என்று வாழ்த்தி அனுப்புதல் எளிது. அத்தொழிலைத் தமிழில் செய்து காட்டிய ஒருவரின் வரலாற்றை முதலில் அவன் முன் வைத்தலே முறை. ஏ. கே. செட்டியாரையே குறிப்பிடுகின்றோம்.

1911இல் கோட்டையூரில் பிறந்த செட்டியார், இளமையிலேயே இரங்கூனில் 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியராயிருந்தார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றார். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றபோதுதான், காந்தியடிகளைப் பற்றிச் செய்திப்படம் ஒன்று எடுக்கவேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன்பொருட்டுப் பல நாடுகளில் அலைந்து ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, 12,000 அடிப் படமாக்கி 1940இல் வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' நூலாக வந்ததும் அவ்வாண்டே. 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கினார். 1983இல் மறைந்தார்.

இவ்வரலாற்றில் மாணவன் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவர் பயணக் கட்டுரை எழுதுவதற்காகப் பயணம் புறப்பட்டவரல்லர். ஒருமுறை கல்விக்காகச் சென்றார். ஒருமுறை படச்சுருள் தேடிச் சென்றார். கையில் ஒரு கலையும், மனத்தில் ஒரு காரியமும் இருந்தன. கட்டுரை அவற்றின் பின்னே வந்தது. கட்டுரைக் கூலி மட்டும் அக்கப்பற் செலவுக்கு ஈடுகொடுத்திருக்கும் என்று எண்ண இடமில்லை. பின்னாளில் மணியன் 'இதயம் பேசுகிறது' எழுதியபோது, பின்னே ஆனந்த விகடன் என்னும் பெரிய வார இதழும் அதன் திரளான வாசகரும் இருந்தனர். அத்தகைய துணை இந்நாட்டில் தமிழ் எழுதுவோர்க்கு வாய்ப்பது அரிது என்பதை இளைஞனிடம் மறைப்பது நன்றன்று. சங்ககாலத்துப் பாணனுங்கூடப் பாட்டை நம்பியே வழிநடந்தான். பரிசில் பெற்று மீள்பவன் எதிர்வருபவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. புரவலனின் வாயிலும் அதற்குச் செல்லும் வழியும் அங்கே சேர்ந்தே கூறப்படுகின்றன. நம் பயண நூல்கள் வழியை மட்டும் கூறி வாயிலைக் கூறாது விடுகின்றன!

செட்டியாரின் நடை சிறு வாக்கியங்களாலானது. அணி இல்லை, வியப்புக் குறிகள் குறைவு, 'யான்' என்பது பெரும்பாலும் பின்னே நிற்கும். கடல்கடந்த தமிழரைக் காணும் இடங்களிலும் கண்ணீர் பெருக்காமல், அவர் என்ன உண்டனர், எம்மொழியில் பேசினர் என்றே எழுதுவார். இஃது அவர் வலிமை. குறையும் இதிலிருந்தே பிறக்கின்றது. நாம் இன்னும் சற்று நிற்க விரும்பும் இடத்தில் அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார். 'மலேயா முதல் கனடா வரை' என்ற தலைப்பே அவ்விரைவைக் காட்டவில்லையா? நம் நாடு அதில் ஒரு தொடக்கம், அவ்வளவே. வந்து செல்பவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

வந்து சென்றவரே நம்மை எழுதினர் என்பதுதான் நமக்கு உறுத்தவேண்டிய செய்தி. 1970களில் இந்நாட்டிற்கு வந்த அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலைத் தந்தார். இங்குள்ளோர் கதையும் கவிதையும் நிரம்ப எழுதினர். ஊர் ஊராய் நடந்து கண்டதை எழுதியவர் சிலரே. கிந்தா வெளியின் ஈயத்தொழில் 1985இல் விலை வீழ்ந்தபோது தளர்ந்தது; ஈயக்குட்டைகள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே கிடக்கின்றன. பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் வீடுகளும் வந்துவிட்டன. ஜெலாப்பாங்கின் பெயரை வெளியூரார் பலர் நெடுஞ்சாலைப் பலகையில் மட்டுமே படித்துக் கடக்கின்றனர். தோட்டங்களுக்குப் பலகையில் ஒரு பெயரும், தொழிலாளர் வாயில் வேறொரு தமிழ்ப்பெயரும் வழங்கியதை முதியோர் அறிவர். அப்பெயர்களைத் தொகுத்து எழுத டோக்கியோ செல்லவேண்டியதில்லை. சுங்கை சிப்புட் வரை செல்லும் சடக்கே போதும்.

செட்டியார் 1968இல் வெளியிட்ட 'தமிழ்நாடு' என்னும் தொகுப்பு இதற்கு நல்ல வழிகாட்டி. அதில் அவர் தம் கட்டுரைகளை அடுக்கவில்லை. முன்னோர் பலர் எழுதிப் பழைய இதழ்களில் மறைந்துகிடந்த பயணக் கட்டுரைகளைத் தேடித் திரட்டினார். உலகைச் சுற்றியவர் நூலகத்தில் உட்கார்ந்து செய்த வேலை அது. அவர் நூல்களுள் இதனையே யாம் முதலில் வைப்போம். ஆசிரியர்கள் இதனை மாணவர் கையில் கொடுத்து, அடுத்த விடுமுறையில் தத்தம் தாத்தா பிறந்த லயம் இருந்த இடத்திற்குச் சென்று பத்துப் பக்கம் எழுதிவருமாறு பணிக்கலாம். கைப்பேசியில் படமும் எடுத்து வரட்டும். அக்கட்டுரைகளுக்குக் கூலி தருவார் யார் என்பது வேறு பேச்சு. அந்த லயங்களில் வாழ்ந்தவர்களுக்கோ இப்போது எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றது.