பானு முஷ்தாக் கதைகளில் உட்குரலும் பெண்துணையும்

இந்திய இலக்கியத் திறனாய்வில் இசுலாமியப் பெண்ணெழுத்து பெரும்பாலும் ஒரு சாட்சியமாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. புனைவின் அமைப்பையும் தொனியையும் ஆராய்வதற்கு மாறாக, ஒரு சமூகத்தின் குறையை மெய்ப்பிக்கும் சான்றாக அது கையாளப்படுகிறது. கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் பன்னிரண்டு சிறுகதைகள் தீபா பஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஹார்ட் லேம்ப்' என வெளிவந்து 2025ஆம் ஆண்டின் பன்னாட்டு புக்கர் பரிசைப் பெற்றன. அவற்றுள் இரு கதைகளை முன்வைத்து, சாட்சிய வாசிப்பின் போதாமையைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறுப்பின் இரு முகங்கள்

இசுலாமிய வெறுப்பு பெண்ணை எதிர்கொள்ளும்போது இரு வடிவம் கொள்கிறது. ஒன்று இழிவுபடுத்தல். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் இசுலாமியப் பெண்களின் ஒளிப்படங்கள் இணையச் செயலிகளில் 'ஏலப் பொருளாக' வைக்கப்பட்டன. பொதுவெளியில் கருத்துரைத்த பெண் இதழாளர்களும் செயற்பாட்டாளர்களும் அவர்களுள் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது. மற்றொன்று இரக்கம். இசுலாமியப் பெண் வாயற்றவள், வெளியார் மீட்க வேண்டியவள் என்பது இதன் உட்கிடை. 2022இல் கருநாடகக் கல்லூரிகளில் தலைமறைப்பு தடுக்கப்பட்டபோது, 'விடுதலை' என்னும் சொல்லே மாணவியரை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தவும் பயன்பட்டது. இழிவும் இரக்கமும் எதிரெதிர்த் துருவங்களாகத் தோன்றினும், பெண்ணின் சொந்தக் குரலைச் செவிமடுக்க மறுப்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

பானு முஷ்தாக்கின் வாழ்வே இதற்குச் சான்றாகிறது. ஹாசன் நகரைச் சேர்ந்த வழக்குரைஞரான அவர், கன்னடத்தின் பண்டாய இயக்கத்தில் உருவானவர். பெண்கள் பள்ளிவாசலில் தொழுவதற்கான உரிமையை வலியுறுத்தியமைக்காக 2000இல் சமூகப் புறக்கணிப்புக்கு உள்ளானார். 2025இல் மைசூர் தசரா விழாவைத் தொடங்கிவைக்க அரசு அவரை அழைத்தபோது, அவர் இசுலாமியர் என்பதே தடையாகக் காட்டப்பட்டது. எதிர்ப்பு மனுக்களை உயர்நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்த பின்னரே அவர் அவ்விழாவைத் தொடங்கிவைத்தார். உள்ளிருந்து கேள்வி கேட்டவர் என ஒரு தரப்பும், வெளியாள் என மறுதரப்பும் விலக்கிய இவ்விடத்திலிருந்தே அவர் கதைகள் பேசுகின்றன.

கருநாகங்கள்: தெருவின் தீர்ப்பு

'கரி நாகரகளு' என்னும் கதை கிரீஷ் காசரவள்ளியின் 'ஹசீனா' திரைப்படத்திற்கு மூலமாக அமைந்தது. பெண்மக்களையே பெற்றாள் என்று கணவனால் கைவிடப்பட்ட அஷ்ரப், முத்தவல்லியிடம் நீதி கேட்டு, நோயுற்ற குழந்தையுடன் பள்ளிவாசலில் காத்திருக்கிறாள். அங்கேயே குழந்தை இறந்துபடுகிறது.

இரக்க வாசிப்பு இவ்விடத்தோடு நின்றுவிடும். கதையோ நிற்பதில்லை. சமயம் பெண்ணுக்கு வழங்கிய உரிமைகளை அஷ்ரப்புக்கு எடுத்துரைத்தவள் சுலேகா பேகம், அவளும் அச்சமூகத்தவளே. குழந்தை இறந்தபின் வீடு திரும்பும் முத்தவல்லியைச் சபிப்போர் அத்தெருவின் பெண்கள். இறுதியில் அவன் மனைவியே அவன் விருப்பத்தை மீறிக் கருத்தடை அறுவைக்குப் புறப்படுகிறாள். குற்றச்சாட்டு, சான்று, தீர்ப்பு ஆகிய மூன்றும் சமூகத்தின் உள்ளிருந்தே பிறக்கின்றன. சுலேகாவின் கூற்றுகளில் பரப்புரைத் தொனி மேலோங்குவது கலைக்குறையே எனினும், முறையான அவையில் இடம் மறுக்கப்பட்ட பெண்களுக்குத் தெருவே அவையாக மாறும் இறுதிப்பகுதி அக்குறையை ஈடுசெய்கிறது எனலாம்.

தலைப்புக் கதை: சுமக்கலாகாத சுமை

தலைப்புக் கதையின் மெஹ்ருன், கணவன் வேறொருத்தியை நாடியதால் பிறந்தகம் வருகிறாள். உடன்பிறந்தார் குடும்ப மானம் கருதி அவளைத் திருப்பி அனுப்புகின்றனர். இரவில் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டவளைத் தடுத்து நிறுத்துபவள் மூத்த மகள் சல்மா. கைக்குழந்தையைத் தாயின் காலடியில் கிடத்தி, தங்களுக்காக உயிர் வாழுமாறு மன்றாடுகிறாள்.

இம்முடிவை நம்பிக்கை முடிவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பிறந்தகமும் புகுந்தகமும் கைவிட்ட உயிரைக் காக்கும் பொறுப்பு ஒரு சிறுமியின் தோளில் விழுகிறது. கதையின் குற்றச்சாட்டு இங்கேதான் கூர்மை பெறுகிறது. பரிவு இல்லாத சமூகத்தை இக்கதை காட்டவில்லை. பரிவை ஏற்று நடத்தும் அமைப்பு இல்லாத சமூகத்தையே காட்டுகிறது. முந்தைய கதையிலும் தெருப்பெண்களின் சினம் குழந்தை இறந்த பின்னரே வெளிப்படுகிறது என்பதை இதனோடு இணைத்து நோக்க வேண்டும்.

கதையும் களமும்

இவ்வெற்றிடத்தை உணர்ந்து எழுந்த முயற்சி தமிழகத்தில் உண்டு. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத், மணமுறிவு, வரதட்சணை, வன்முறை ஆகியவை குறித்த முறையீடுகளைப் பெண்களே கேட்டு விசாரிக்கும் அவையாக அமைந்தது. தீபா தன்ராஜ் 2011இல் இதனை ஆவணப்படமாக்கினார். இங்குப் பெண்கள் ஜமாஅத்தைத் துறக்கவில்லை. தங்களுக்கென ஒன்றைக் கட்டினர். அஷ்ரப் காத்திருந்த வாசலில் அவளுக்குச் செவிகொடுப்போர் இருந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்னும் வினாவுக்கு இக்களப்பணி ஒரு விடையாகிறது. புனைவும் களமும் வேறு வேறு மாநிலங்களில், ஒன்றையொன்று சாராமல், ஒரே தேவையைக் கண்டடைந்தமை ஒப்பாய்வுக்கு உரியது.

நிறைவாக

உட்குரலை வெறுப்புக்குச் சான்றாக்குவோர் அக்கதைகளில் பாதியையே வாசிக்கின்றனர். வெறுப்புக்குத் தீனியாகிவிடும் என்றஞ்சி உட்குரலை அடக்க முனைவோரும் அவ்வாறே. கொடுமை நிகழும் அதே தெருவில் உரிமையை எடுத்துரைப்பவளும், சபிக்கும் பெண்களும், தாயை மறிக்கும் மகளும் உள்ளனர். இவர்களையும் கணக்கில் கொள்ளும் வாசிப்பே இக்கதைகளுக்கு நேர்மையான வாசிப்பாகும். பெண்ணெழுத்தை மதிப்பிடும் திறனாய்வு, எவர் தாக்கினார் என்பதோடு எவர் தாங்கினார் என்பதையும் வினவுதல் வேண்டும்.