விமரிசகரும் சனாதிபதியும்

குறை கண்டவிடத்துக் குறை கூறும் இசை விமரிசகன் பாடியவரின் பகையையும், அதனினும் மிகுதியாகப் பாடியவரின் சுற்றத்தார் பகையையும் தேடிக்கொள்கின்றான். அப்பகை வந்துற்றபோது அவன் எவ்வாறு நடந்துகொள்ளுதல் வேண்டும் என்பதை ஆராய்வதற்கு, அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு வழக்கு பெரிதும் பயன்படும். அங்கே சினங்கொண்டவர் அந்நாட்டுச் சனாதிபதி.

ஹரி ட்ரூமனின் ஒரே மகள் மார்கரெட் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் பயின்றவர். 1950 டிசம்பர் 5ஆந் திகதி வாஷிங்டன் நகரிலே கொன்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் அவர் பாடினார். பிரித்தானியப் பிரதமர் அட்லியும் அவையில் இருந்தார். கொரிய யுத்தம் அமெரிக்கருக்குப் பேரிடராய் மாறியிருந்த வேளை அது. அன்று பிற்பகலிலேதான் ட்ரூமனின் இளமைக்கால நண்பரும் பத்திரிகைச் செயலாளருமான சார்ல்ஸ் றொஸ் திடீரென இறந்துபட்டார். மகளின் மனம் கலங்காதிருத்தற்பொருட்டுக் கச்சேரி முடியும்வரை அச்செய்தி அவருக்கு மறைக்கப்பட்டது.

மறுநாட் காலை ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையில் போல் ஹியூம் எழுதிய விமரிசனம் வெளிவந்தது. அதன் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. சாரீரம் இனியது, ஆயினும் சிறியது என்றார். மேடைத் தோற்றத்தைப் பாராட்டினார். பின்னர், பாட்டிற் பெரும்பகுதி சுருதிக்குத் தாழ்ந்தே ஒலித்தது என்றும், முந்திய ஆண்டுகளிற் கேட்டதற்கு மேலாக முன்னேற்றம் இல்லை என்றும், பாடிய உருப்படிகளின் உணர்வு கேட்போரைச் சென்றடையவில்லை என்றும் எழுதினார். உலகின் தலைசிறந்த பாடகருக்குக் கொடுக்கும் கட்டணத்தையே மக்கள் இக்கச்சேரிக்கும் கொடுக்கின்றனர் என்பதையும் சுட்டினார். இச்சுட்டுதலே விமரிசனத்தின் உயிர்நிலை. பணங்கொடுத்து வந்தவனுக்கு விமரிசகன் கடமைப்பட்டவன். பாடியவர் யார் மகள் என்பது அக்கடமையைக் குறைக்கமாட்டாது. இத்தகைய நல்லியல்பினரைப் பற்றி இவ்வாறு எழுத நேர்ந்தமை துன்பந் தருவதெனவும் ஹியூம் குறிக்கத் தவறவில்லை.

ட்ரூமன் அன்றே தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நேரிற் கண்டால் ஹியூமுக்குப் புதிய மூக்கொன்று தேவைப்படும் என்பது அதன் சாரம். சுருதி தாழவில்லை என்று அக்கடிதத்தில் ஒரு வரிதானும் இல்லை. நக்கீரர் கதையிலே இறைவனார் கூந்தலின் மணம் பற்றி முதலில் வாதிட்டார். வாதம் முற்றிய பின்னரே நெற்றிக்கண் திறந்தது. சனாதிபதியோ வாதத்தை விடுத்து நேரே கண்ணைத் திறந்துவிட்டார்! விமரிசகன் பெறும் ஏச்சுக் கடிதங்களுட் பெரும்பாலானவை இவ்வினத்தனவே. கருத்தை மறுக்கும் கடிதத்திற்கு விடை கூறுதல் கடமை. ஆளை ஏசும் கடிதத்தில் விடை கூறுவதற்கு ஒன்றுமில்லை.

ஹியூம் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தார். அவரது பத்திரிகை அக்கடிதத்தை வெளியிடவில்லை. ஆயினும் வேறொரு பத்திரிகையின் இசை விமரிசகரிடம் ஹியூம் அதுபற்றிக் கூற, அவ்வழியாக அது உலகறிந்ததாயிற்று. பின்னாளில் அவர் அக்கடிதத்தை விற்றும்விட்டார். இவ்விரண்டும் மெச்சத்தக்கன அல்ல. ஆனால், கருத்துக் கேட்கப்பட்டபோது அவர் கூறியது மெச்சத்தக்கதே. நெருங்கிய நண்பரை இழந்து, உலக நெருக்கடியின் சுமையையும் தாங்கும் ஒருவர் ஒரோவழிச் சினங்கொள்வதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்றார். ஏச்சுக்கு ஏச்சுத் திருப்பவில்லை. எழுதிய விமரிசனத்தில் ஒரு சொல்லையும் மீளப்பெறவில்லை. சினத்தின் காரணத்தை உணர்ந்து இரங்குதல் வேறு. அதற்கு அஞ்சித் தீர்ப்பை மாற்றுதல் வேறு. முன்னதைச் செய்தால் பின்னதையும் செய்தாகவேண்டும் என மயங்குவோர் பலர்.

விமரிசனத்தால் நேரே தாக்குண்ட மார்கரெட்டின் நடத்தை தந்தையினதிலும் உயர்ந்தது. ஹியூம் சிறந்த விமரிசகர், விரும்பியவாறு எழுத அவருக்கு உரிமையுண்டு என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். கொரியாவில் மைந்தரை இழந்த பெற்றோர் சிலரோ, தம் மகளின் பாட்டுக்காக இத்துணைச் சினங்கொள்ளும் சனாதிபதியைக் கடிந்து எழுதினர். ஏச்சு எய்தவரையே சென்று தைத்தது.

1958இல் ஹியூம், பதவி நீங்கியிருந்த ட்ரூமனை அவரது ஊராகிய இன்டிபென்டன்ஸ் சென்று கண்டார். இருவரும் பியானோ வாசித்து மகிழ்ந்தனர். மார்கரெட் இசைமேடையை விடுத்து நூலாசிரியராகப் பெயர் பெற்றார். ஹியூம் 1982 வரை அதே பத்திரிகையில் இசை விமரிசனம் எழுதிவந்தார்.